இரத்தவியல், புற்றுநோயியல் மேற்பயிற்சி (மலேசியா)

நிபுணத்துவ மருத்துவர் இரத்த நோய்களிலும் புற்றுநோயிலும் பெறும் உயர்பயிற்சி. அமெரிக்காவில் இரண்டையும் இணைத்த 3 ஆண்டுப் பயிற்சி உண்டு. மலேசியாவில் வழிகள் வேறு. பொது மருத்துவ நிபுணர் இரத்தவியலுக்குச் செல்கிறார். அதன் தேசிய மையம் அம்பாங் மருத்துவமனை. கதிர்வீச்சும் மருந்தும் கையாளும் புற்றுநோய் மருத்துவர் மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தனி முதுநிலைப் படிப்பு முடிக்கிறார்.

இந்தப் பிரிவினை ஆழம் தருகிறது, ஐயமில்லை. ஆனால் பயிற்சி முழுவதும் நகர மையங்களிலேயே நடந்தால் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் போன்ற ஊர்களின் தோட்டப்புற நோயாளி பயிற்சி மருத்துவரின் கண்ணில் படுவதில்லை. எலும்பு மச்சை மாற்றுக்குப் பெரிய மையமே வேண்டும் என்பார்கள். சரிதான், அரிய சிகிச்சையில் கை பழக நோயாளிகள் ஓரிடத்தில் திரளத்தான் வேண்டும். இரத்த நோயான கடும் தலசீமியாவின் கதை வேறு. 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்றவேண்டும். அது வாழ்நாள் வேலை, அதுவும் தினக்கூலியை இழந்து பேருந்து பிடித்து வருபவருக்கு. ஆகவே தஞ்சோங் காராங் போன்ற மாவட்ட மருத்துவமனைச் சுழற்சியும் மேற்பயிற்சியில் இடம்பெறுவது நியாயம். மேற்பார்வைக்கு அங்கே ஆளில்லை என்ற மறுப்பை, மூத்த நிபுணரின் வருகைச் சிகிச்சை நாளோடு அச்சுழற்சியை இணைத்துப் பெருமளவு தீர்க்கலாம்.