ஆமிஷ் சமூகத்தை விட்டு வெளியேறுவோரின் வாழ்க்கை

சொந்தமாகக் கார் வைத்திருப்பதையும் வீட்டுக்கு மின்கம்பி இணைப்பு பெறுவதையும் தவிர்த்து வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை, வட அமெரிக்காவில் 2024 ஆம் ஆண்டில் நான்கு லட்சத்தை எட்டியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

இச்சமூகத்தில் பிறப்பவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் அதிலேயே நிலைத்துவிடுகின்றனர். எஞ்சியவர்கள் வெளியேறிய பின்னரும், அவர்களது கல்வியிலும் தொழிலிலும் குடும்ப உறவுகளிலும் ஆமிஷ் வளர்ப்பின் தாக்கம் தொடர்கிறது.

வாக்குறுதியும் விலக்கும்

1693 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்திலும் அல்சாஸ் பகுதியிலும் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் இப்பிரிவு உருவானது. சபையின் கட்டுப்பாட்டை மீறியவர்களை எவ்வளவு கண்டிப்பாக ஒதுக்கிவைப்பது என்ற சர்ச்சையே அந்தப் பிளவுக்கு முக்கியக் காரணமாக இருந்தது.

ஆமிஷ் பிரிவினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வழங்குவதில்லை. பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குள், தாமே விரும்பி அதனை ஏற்று, சபைக்குக் கட்டுப்பட்டு வாழ்வதாக வாக்குறுதி அளிக்கின்றனர்.

அதற்கு முன்னர் வெளியேறுபவர்கள் முறைப்படி விலக்கிவைக்கப்படுவதில்லை. வாக்குறுதி அளித்த பின்னர் வெளியேறுபவர்களோ, கண்டிப்பான சபைகளில், பெற்றோருடன் ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்தவும் முடியாது. சபை முன் மண்டியிட்டுத் தவறை ஒப்புக்கொண்டால் விலக்கு நீக்கப்படும்.

எட்டாம் வகுப்புடன் நிற்கும் கல்வி

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் செல்லுமாறு ஆமிஷ் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது மதச் சுதந்திரத்தை மீறுவதாகும் என்று 1972 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும் என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதில் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். வெளியேறுபவர்களைப் பொறுத்தவரை, அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாத அவர்கள், அதற்கு ஈடான தேர்வை எழுதியே கல்லூரிக்குள் நுழைய வேண்டியுள்ளது.

சுயதொழில் செய்யும் ஆமிஷ் பிரிவினருக்கு, அரசின் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து 1965 ஆம் ஆண்டில் விலக்கு அளிக்கப்பட்டது. இதனால் அத்திட்டத்தின் பதிவு எண்ணைப் பெறாமலேயே வளர்ந்த சிலர், வெளியே வேலை தேடும்போது சிரமப்படுகின்றனர்.

தொடரும் தாக்கம்

எனினும், சிறுவயதில் கற்ற தச்சு வேலையும் கட்டுமான வேலையும் பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. வீட்டில் பேசிய பென்சில்வேனியா ஜெர்மன் மொழியும் அவர்களை விட்டு நீங்குவதில்லை. சிலர், வழிபாட்டில் நெருக்கமானதும் நவீன வசதிகளை அனுமதிப்பதுமான மென்னோனைட் சபைகளில் இணைகின்றனர்.

ஒஹையோ மாநிலத்தில் பிறந்த சலோமா ஃபர்லாங், முதன்முறை வெளியேறிய சில மாதங்களில் வீட்டுக்குத் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டு, பின்னர் மீண்டும் வெளியேறினார். ஸ்மித் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், தமது அனுபவங்களை 2011 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

ஒரு வீடு தீக்கிரையானால் ஊரே திரண்டு கட்டிக்கொடுக்கும் சமூகம் அது. வெளியேறுபவர்கள் இழப்பதும் அந்தத் துணையைத்தான். வாடகை முதல் மருத்துவச் செலவு வரை அனைத்தையும் அவர்கள் தனியாகவே சமாளிக்க வேண்டியுள்ளது.