தண்டர்பேர்ட்ஸ்: தொடரும் அதன் நினைவேக்கமும்

தண்டர்பேர்ட்ஸ் என்பது ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் இணையர் உருவாக்கிய அறிவியல் புனைகதைப் பொம்மலாட்டத் தொடராகும். ஏ.பி. பிலிம்ஸ் நிறுவனம் தயாரித்த இத்தொடர் 1965 செப்டம்பர் 30 முதல் பிரிட்டனின் ஐ.டி.வி. வட்டார நிலையங்களில் ஒளிபரப்பாயிற்று. விளம்பர இடைவேளை நீங்கலாக ஏறத்தாழ 50 நிமிடம் ஓடும் 32 பகுதிகளோடு அது நின்றுவிட்டபோதிலும், பிரிட்டனில் நினைவேக்கம், அதாவது கடந்துபோன காலத்தையும் குறிப்பாகச் சிறுவயதையும் எண்ணி மனம் இளகும் நிலை, பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வரும் தொடர்களில் ஒன்றாக அது நிலைத்துள்ளது. அந்த ஏக்கம் 1965இல் அதைப் பார்த்த சிறுவர்களோடு முடியவில்லை என்பதும், பொம்மைகளால் செய்ய இயலாமற் போனவற்றுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பதும் இத்தொடரின் வரலாற்றில் கவனத்துக்குரியவை.

திரைப்படம் எடுக்கும் ஆசையோடு தொழிலுக்கு வந்த ஜெர்ரி ஆண்டர்சன், வேறு வாய்ப்பு அமையாத நிலையில்தான் 1957இல் ‘ட்விஸிலின் சாகசங்கள்’ என்னும் சிறுவர் பொம்மைத் தொடரை ஏற்றுக்கொண்டார். பொம்மைகள்மீது அவருக்குப் பெரிய பற்று இருக்கவில்லை. ஆகவே, எப்படியாவது அவற்றை மனிதர் நடிக்கும் படத்துக்கு நிகராகக் காட்டிவிட வேண்டும் என்னும் பிடிவாதம் அவரிடம் வளர்ந்தது. ‘சூப்பர்கார்’, ‘ஃபயர்பால் எக்ஸ்.எல்.5’, ‘ஸ்டிங்ரே’ என அடுத்தடுத்து வந்த தொடர்களில் மெருகேறிய அந்த முறைக்குச் சூப்பர்மேரியனேஷன் என்று பெயரிடப்பட்டது. ‘சூப்பர்’, கயிற்றுப் பாவையைக் குறிக்கும் ‘மேரியனெட்’, ‘அனிமேஷன்’ ஆகிய மூன்றையும் ஒட்டிச் செய்த இச்சொல், புதிய கலையின் பெயர் என்பதைவிட விளம்பரத்துக்கு உதவிய பெயர் என்றே கொள்ளத்தக்கது. ஆனால் அதன் பின்னால் இருந்த நுட்பம் மெய்யானது. வசனம் முன்கூட்டியே ஒலிநாடாவில் பதியப்படும். அதிலிருந்து பெறப்படும் மின்துடிப்பு, மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளின் வழியே பொம்மையின் தலைக்குள் உள்ள சோலினாய்டு என்னும் மின்காந்தச் சுருளை அடைந்து, பேச்சுக்கு ஏற்ப கீழுதட்டை அசைக்கும். பொம்மையைத் தூக்கிப் பிடிப்பதும் அதன் வாயை அசைப்பதும் அந்தக் கம்பிகளே. ஏறத்தாழ 22 அங்குல உயரமுள்ள பொம்மையின் தலைக்குள் இந்தக் கருவியை அடக்க வேண்டியிருந்ததால், உடலுக்குப் பொருந்தாத பெருந்தலையோடு பாத்திரங்கள் அமைந்தன.

இவ்வளவு செய்தும் அவற்றை இயல்பாக நடக்க வைக்க முடியவில்லை. மேலே பரண் போன்ற பாலத்தில் நின்று கம்பியை இழுப்பவருக்கு, பொம்மையின் கால் தரையில் பதிந்ததா, காற்றில் துழாவுகிறதா என்று தெரிவதே அரிது. எனவே பாத்திரங்கள் உட்கார்ந்திருந்தன, வாகனம் ஓட்டின, இடுப்புக்கு மேலே மட்டும் காட்டப்பட்டன. பொத்தானை அழுத்தவோ பேனாவைப் பிடிக்கவோ நேர்ந்தால் மனிதக் கையின் அண்மைக் காட்சி ஒன்று இடையில் செருகப்பட்டது. தண்டர்பேர்ட்ஸின் புகழ்பெற்ற புறப்பாட்டுக் காட்சிகள் இந்தக் குறையைத் திறமையாக மறைத்தன. விர்ஜில் என்னும் பாத்திரம் சுவரிலுள்ள ராக்கெட் ஓவியத்தில் முதுகைச் சாய்க்கிறது. ஓவியம் கவிழ, சறுக்குப் பாதையில் தலைகீழாக இறங்கி, சுழல்மேடையில் திரும்பி, நேரே விமானியின் இருக்கையில் போய் விழுகிறது. பிறகு குன்றின் கதவு இறங்க, ஓடுபாதையின் இருபுறமும் தென்னையை ஒத்த மரங்கள் வழிவிட்டுச் சாய, பருத்த பச்சை விமானம் மெல்ல வெளியே வருகிறது. ஓரடிகூட நடக்காமல் வீட்டுக் கூடத்திலிருந்து விமானத்துக்குப் போய்ச் சேரும் இக்காட்சி பல பகுதிகளில் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. செலவை மிச்சப்படுத்தும் அந்தத் திருப்பல், பார்த்த சிறுவர்களுக்கு ஒரு சடங்கைப் போல் மனப்பாடமாகிவிட்டது.

கதைக்கரு ஒரு மெய்யான விபத்திலிருந்து பிறந்தது. 1963 அக்டோபர் 24 அன்று மேற்கு ஜெர்மனியின் லெங்கேடே இரும்புத் தாதுச் சுரங்கத்துக்குள் சேற்றுநீர்த் தேக்கம் உடைந்து பாய்ந்ததில் 29 பேர் மாண்டனர். இரு வாரம் கழித்து, நவம்பர் 7 அன்று, துளையிட்டு இறக்கிய மீட்புக் கூண்டின் வழியே 11 பேர் உயிரோடு மேலே கொண்டுவரப்பட்டனர். கனமான துளையிடும் கருவிகள் தொலைவிலிருந்து வந்துசேரப் பிடித்த நேரமே ஆண்டர்சனை உறுத்தியது. உலகின் எம்மூலைக்கும் மீட்புக் கருவிகளை விரைந்து கொண்டுசெல்லும் அமைப்பு ஒன்று இருந்தால் என்ன என்னும் எண்ணமே கதையில் ‘சர்வதேச மீட்புப் படை’ ஆயிற்று. தெற்குப் பசிபிக் கடலின் தீவொன்றில் முன்னாள் விண்வெளி வீரர் ஜெஃப் ட்ரேசியும் அவருடைய ஐந்து மகன்களும் அதை மறைவாக நடத்துகின்றனர். ஸ்காட், விர்ஜில், ஆலன், கார்டன், ஜான் என்னும் மகன்களின் பெயர்கள் அமெரிக்காவின் மெர்குரி திட்ட விண்வெளி வீரர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. ஹூட் என்னும் வில்லன் இருந்தாலும், போர் செய்வதைக் காட்டிலும் உயிர் காப்பதே இத்தொடரின் வேலை. பெரும்பாலும் எதிராளியாக நிற்பது பழுதான இயந்திரமும் கரையும் நேரமுமே. சில்வியா ஆண்டர்சன் குரல் கொடுத்த லேடி பெனிலோப்பும், டேவிட் கிரஹாம் குரல் கொடுத்த வாகன ஓட்டி பார்க்கரும், அவர்களுடைய ஆறு சக்கர இளஞ்சிவப்பு ரோல்ஸ்ராய்ஸும் இந்த இறுக்கத்துக்கு நடுவே நகைச்சுவைக்கு இடம் தந்தனர்.

லண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்லவ் நகரின் தொழிற்பேட்டையில் படப்பிடிப்பு நடந்தது. சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற டெரெக் மெடிங்ஸ், கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஒட்டுமாதிரிகளின் உதிரித் துண்டுகளை விமானங்களில் பதித்து, புத்தம்புதிதாகத் தெரியாதபடி அவற்றின்மேல் அழுக்கும் எண்ணெய்க் கறையும் பூசினார். வெடிப்புகளை மிகுவேகத்தில் படம்பிடித்து இயல்பு வேகத்தில் ஓட்டியபோது, கைக்கடக்கமான மாதிரி பல டன் எடையுள்ளதாகத் தோன்றியது. அவர் பின்னர் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கும் ‘சூப்பர்மேன்’ படத்துக்கும் சென்றார். தொடர் முதலில் அரைமணி நேர அளவிலேயே திட்டமிடப்பட்டது. முதற்பகுதியைப் பார்த்து வியந்த தயாரிப்புத் தலைவர் லூ கிரேட் ஒரு மணி நேரமாக்கச் சொன்னதால், ஏற்கெனவே எடுத்த பகுதிகளிலும் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி வலையமைப்பு எதுவும் தொடரை வாங்காமற்போகவே, 1966 கிறிஸ்துமஸ் பகுதியோடு அது நிறுத்தப்பட்டது.

நினைவேக்கத்தை ஆராய்பவருக்கு இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தொடர் வண்ணத்தில் எடுக்கப்பட்டது, ஆனால் ஐ.டி.வி.யில் வண்ண ஒளிபரப்பு 1969 நவம்பரில்தான் தொடங்கியது. ஆகவே முதன்முதல் பார்த்த பிரிட்டன் சிறுவர்கள் கண்டது கறுப்பு வெள்ளைப் படமே. அவர்கள் உறுதியாக நினைவுகூரும் அந்தப் பச்சை விமானத்தின் பச்சை, ‘டிவி செஞ்சுரி 21’ என்னும் வண்ணச் சித்திரக்கதை இதழிலிருந்தோ, கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளிலிருந்தோ, பிற்கால மறு ஒளிபரப்பிலிருந்தோ வந்து நினைவில் கலந்ததாகவே இருக்க வேண்டும்.

1967இன் ‘கேப்டன் ஸ்கார்லெட்’ தொடரில் மின்காந்தச் சுருள் மார்புக்கு இடம்மாற்றப்பட்டு, பொம்மைகளின் தலையும் உடலும் மனிதருக்குரிய விகிதத்தைப் பெற்றன. நுட்பத்தில் இது முன்னேற்றமே. ஆயினும் அந்த அழகர்கள் ட்ரேசி குடும்பத்துப் பெருந்தலையர்களின் செல்வாக்கை எட்டவில்லை. 1991 செப்டம்பரில் பி.பி.சி. 2 நாடு முழுவதும் ஒரே நேரத்தில் தண்டர்பேர்ட்ஸை மறு ஒளிபரப்பியபோது, தாம் சிறுவயதில் பார்த்ததைத் தம் பிள்ளைகளோடு அமர்ந்து பெற்றோர் மீண்டும் பார்த்தனர். 1992 கிறிஸ்துமஸுக்கு ட்ரேசி தீவு விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்காமற்போக, அடுத்த மாதம் ‘புளூ பீட்டர்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சி தீப்பெட்டி, அட்டைக் குழாய், காகிதக்கூழ் போன்ற வீட்டுப் பொருட்களைக் கொண்டு அத்தீவைச் செய்துகாட்டியது. செய்முறைத் தாள் கேட்டு பி.பி.சி.க்குக் கடிதங்கள் குவிந்தன. தொடர் நின்று பல்லாண்டு கழித்துப் பிறந்த ஒரு தலைமுறை, அந்த அட்டைத் தீவின் வழியாகவே இந்த ஏக்கத்துக்கு உரிமை பெற்றது.

குறைகளைக் களைந்து மீண்டும் எடுக்க முயன்றவர்களுக்குப் பலன் ஒன்றுபோல் அமையவில்லை. மனிதர் நடித்த 2004ஆம் ஆண்டுத் திரைப்படம் வசூலில் தோற்றது. கணினி வரைகலைப் பாத்திரங்களை நியூசிலாந்தின் வீட்டா பட்டறை செய்த சிற்றுருக் களங்களில் உலவவிட்ட ‘தண்டர்பேர்ட்ஸ் ஆர் கோ’ தொடர் 2015 முதல் 2020 வரை ஓடியது. அதிலும் பார்க்கருக்குக் குரல் கொடுத்தவர் டேவிட் கிரஹாமே. ஜெர்ரி ஆண்டர்சன் 2012 டிசம்பர் 26 அன்று காலமானார். தொடரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, ரசிகர்கள் திரட்டிய பணத்தில் மூன்று புதிய பகுதிகள் எடுக்கப்பட்டன. 1960களில் இசைத்தட்டுகளாக வெளிவந்த ஒலி நாடகங்களை எடுத்துக்கொண்டு, பழைய நடிகர்களின் அதே குரல்களுக்கு ஏற்பப் புதிதாகச் செய்த பொம்மைகளைக் கம்பியிலேயே ஆட்டிப் படம்பிடித்தனர். கம்பியைக் கணினியால் அழிப்பது எளிதாகிவிட்ட காலத்தில், அது திரையில் தெரியட்டும் என்றே விட்டுவிட்டனர்.