முதியோர் இல்லப் பராமரிப்பு

முதியோர் இல்லப் பராமரிப்பு என்பது, தம் வீட்டில் வாழ இயலாத அல்லது விரும்பாத முதியவர்களுக்கு உறைவிடம், உணவு, அன்றாடத் தேவைகளுக்கான உதவி, செவிலியர் கவனிப்பு ஆகியவற்றை ஓர் இல்லத்தில் தொடர்ச்சியாக வழங்கும் சேவை ஆகும். நோயைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவது மருத்துவமனையின் நோக்கம். முதியோர் இல்லத்திலோ ஒருவர் பல ஆண்டுகள், பெரும்பாலும் வாழ்நாளின் இறுதிவரை, வாழ்கிறார். ஆகவே இங்கு பராமரிப்பின் தரம் என்பது சிகிச்சையை மட்டுமன்றி, ஒவ்வொரு நாளும் எவ்வாறு கழிகிறது என்பதையும் உள்ளடக்கியது.

பெயர் வழக்கு

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்ற சொல் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கவே பெரிதும் வழங்குகிறது. மேலைநாடுகளில் அதே சொல், செவிலியர் கவனிப்புடன் கூடிய உறைவிட இல்லத்தைக் குறிக்கும். இக்கட்டுரை பின்னதைப் பற்றியது. ஆதரவற்றோருக்கான இலவச இல்லங்கள், கட்டண இல்லங்கள், நடமாட இயலாதோருக்கும் முதுமை மறதி நோய் உடையோருக்கும் உரிய சிறப்பு இல்லங்கள் என இவை பலவகைப்படும்.

வரலாறு

பிரான்சு நாட்டில் 1839 இல் ழான் சுகான் என்னும் பெண்மணி ஆதரவற்ற முதியவர்களைத் தம் வீட்டில் ஏற்றுப் பராமரிக்கத் தொடங்கினார். அப்பணியிலிருந்து உருவான கன்னியர் சபை 1882 இல் கொல்கத்தாவில் ஓர் இல்லத்தை நிறுவியது. சென்னையில் சாவித்திரி வைத்தி 1978 இல் தொடங்கிய விசிராந்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்கான இலவச இல்லமாகும். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. இத்துறையின் முன்னோடியான மருத்துவர் வ. செ. நடராசனுக்கு 2012 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

பராமரிப்பின் கூறுகள்

ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அறிய, அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்சு 1963 இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களை அது கணக்கில் கொள்கிறது.

நல்ல பராமரிப்பில் கவனிக்கப்படும் முதன்மையானவை பின்வருமாறு:

படுக்கைப் புண்: ஒரே நிலையில் படுத்திருப்பவரின் இடுப்பு, குதிகால் போன்ற எலும்பு மேடுகளில் அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், தோலை ஈரமின்றி வைத்திருத்தல், புரதம் மிகுந்த உணவு ஆகியவற்றால் பெரும்பாலான புண்களைத் தடுக்கலாம்.

கீழே விழுதல்: ஈரமான குளியலறைத் தரை, மங்கலான விளக்கு, தூக்க மாத்திரை ஆகியவை பொதுவான காரணங்கள். கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு ஆகியவை செலவு குறைந்த தடுப்பு முறைகள்.

உணவு: விழுங்குவதில் சிரமம் உடையோருக்கு அவசரமாக ஊட்டினால் புரையேறி, உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா ஏற்படக்கூடும். சாதத்தைக் குழைத்து, நிமிர்ந்து உட்கார வைத்து, மெதுவாக ஊட்டுதல் வேண்டும். இதற்குத் தேவைப்படுவது பணியாளரின் நேரமே.

மருந்து: பல மருத்துவர்கள் தனித்தனியே எழுதிய மருந்துகள் சேர்ந்து மயக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம். எனவே மருந்துப் பட்டியலை ஒரே மருத்துவர் அவ்வப்போது மறுஆய்வு செய்தல் நன்று.

அன்றாட வாழ்க்கை

பல இல்லங்களில் எழும் நேரம், குளியல், உணவு, உறக்கம் ஆகியவை பணியாளர் முறைமாற்றத்தை ஒட்டியே அமைகின்றன. வாழ்வின் எல்லாக் கூறுகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே கால அட்டவணைப்படி நடைபெறும் அமைப்புகள் தனிமனித அடையாளத்தைக் கரைத்துவிடுகின்றன எனச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1961 இல் விளக்கினார்.

இதற்கு மாறான அணுகுமுறையை 1976 இல் எலன் லாங்கர், சூடித் ரோடின் ஆகியோர் அமெரிக்க இல்லம் ஒன்றில் ஆராய்ந்தனர். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் அவரவர் அன்றாடத் தெரிவுகளுக்கு அவர்களே பொறுப்பு என்று கூறி, தாமே வளர்ப்பதற்கு ஒரு செடியும் தரப்பட்டது. மற்றொரு தளத்தில் செடிகளைச் செவிலியர் கவனித்தனர். மூன்று வாரங்களுக்குப் பின், முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் உடையவர்களாகக் காணப்பட்டனர். ஆய்வில் பங்கேற்றோர் சிலரே எனினும், முதியோர் பராமரிப்புச் சிந்தனையில் இது பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது.

காலைக் காப்பியை எப்போது குடிப்பது, எந்த நாளிதழைப் படிப்பது, விரதம் இருப்பதா, எந்தப் புடவையை உடுத்துவது போன்றவை சிறியனவாகத் தோன்றினாலும், முதியவருக்கு எஞ்சியிருக்கும் தன்னுரிமை பெரும்பாலும் இவற்றில்தான் உள்ளது. பாதுகாப்பும் தன்னுரிமையும் சில வேளைகளில் முரண்படும். விழுந்துவிடுவார் என அஞ்சி ஒருவரைக் கட்டிலோடு கட்டி வைத்தால் தசைகள் மெலிந்து, பின்னர் விழும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவில் 1987 இல் இயற்றப்பட்ட இல்லச் சீர்திருத்தச் சட்டம், பணியாளரின் வசதிக்காக ஒருவரைக் கட்டி வைப்பதைத் தடை செய்தது.

தரத்தை மதிப்பிடுதல்

அவெடிசு டொனபீடியன் 1966 இல் முன்வைத்த முறைப்படி, தரத்தை மூன்று நிலைகளில் நோக்கலாம். அவை கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்பன. கட்டடம், கட்டில், பணியாளர் எண்ணிக்கை ஆகியவை கட்டமைப்பில் அடங்கும். பார்வையாளர் கண்ணில் முதலில் படுவது இதுவே. ஆனால் புதிதாகத் தோன்றும் படுக்கைப் புண்கள், காரணமற்ற எடைக் குறைவு, அழைத்த பின் உதவி வர ஆகும் நேரம் ஆகியவையே உண்மை நிலையைக் காட்டும். முதுமை மறதி உடையவர் தம் குறையை எடுத்துச் சொல்ல இயலாதவர் என்பதால், இத்தகைய அடையாளங்கள் அவருக்கு மேலும் இன்றியமையாதவை.

இந்தியச் சட்டம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. 60 வயது நிறைந்தோர் இதன்படி மூத்த குடிமக்கள் ஆவர். சட்டத்தின் 19 ஆம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்றாக, 150 ஆதரவற்ற முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்று மட்டும் கூறுவதால் இது கட்டாயக் கடமையாக இல்லை என்பது ஒரு குறையாகச் சுட்டப்படுகிறது. இல்லங்களின் தரத்தையும், மருத்துவக் கவனிப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான சேவைகளையும் மாநில அரசு வரையறுக்கலாம் என்றும் இப்பிரிவு கூறுகிறது. முதியவரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உதவி வேண்டுவோர் 14567 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

கிண்டியும் சென்னையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 75 இலட்சம் பேர். இது மாநில மக்கள்தொகையில் 10.4 விழுக்காடு, இந்திய அளவில் 8.6 விழுக்காடு. சென்னை கிண்டியில், கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலைய வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை அமைந்துள்ளது. இதற்கெனக் கட்டப்பட்ட கட்டடம், 2020 சூலை முதல் கொரோனா சிறப்பு மருத்துவமனையாகப் பயன்படுத்தப்பட்டது. முதியோருக்கான 200 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக அது பிப்ரவரி 25, 2024 அன்று திறக்கப்பட்டது.

இது மருத்துவமனையே அன்றி உறைவிட இல்லம் அன்று. இடுப்பு எலும்பு முறிவுக்கோ பக்கவாதத்துக்கோ சிகிச்சை பெற்றுத் திரும்பும் முதியவருக்கு, அதன் பின்னர் மாதக்கணக்கில் நடைப்பயிற்சியும் கவனிப்பும் தேவைப்படும். அதை வீட்டினரோ இல்லப் பணியாளரோதான் செய்ய வேண்டியுள்ளது. இத்தொடர்ச்சி அறுபடும் இடத்தில், மருத்துவமனையில் பெற்ற நலம் விரைவில் இழக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

முதுமை
முதியோர் மருத்துவம்
முதுமை மறதி
படுக்கைப் புண்
கிண்டி