பிரசங்கமும் போதனையும்: முத்துக்குளித்துறை தரும் ஒரு பாடம்

கிறிஸ்தவ ஊழியத்தில் பிரசங்கம், போதனை என்னும் இரு சொற்களும் இன்று ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் இவற்றைத் தனித்தனி வினைகளால் குறிக்கிறது. முதல் வினை 'கெரூக்ஸ்' என்ற பெயரோடு உறவுடையது. அரசனின் ஆணையை ஊர் நடுவே கூவி அறிவிப்பவனுக்கு அந்தப் பெயர். நம் மரபில் அவனை முரசறைபவன் எனலாம். இரண்டாவது வினை ஆசிரியனுக்குரியது. அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி வசனம், ரோமாபுரியில் பவுல் ஆற்றிய பணியைச் சொல்லுமிடத்து இவ்விரு வினைகளையும் அருகருகே வைக்கிறது. சி. எச். டாட் என்ற விவிலிய அறிஞர் 1936இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை வலியுறுத்தினார். அவ்வளவு கறாராகக் கோடு கிழிக்க இயலாது என்று பின்வந்த அறிஞர் சிலர் மறுத்தனர்.

ஏடுகளில் நடந்த இந்த விவாதத்தை மனிதர்களின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 16ஆம் நூற்றாண்டின் முத்துக்குளித்துறையே போதும்.

1535 முதல் 1537 வரையிலான காலத்தில் அக்கரையின் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பு உரிமைக்கான போட்டியில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. கொச்சியிலிருந்து வந்த குருக்கள் முழுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். புதிய பெயர்கள் கிடைத்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னிருந்த சமயம் என்னவென்று சொல்லித்தர எவருமில்லை.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தபோது நிலைமை இதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தோர் சிலரைக் கூட்டி, மந்திரங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழாக்கச் செய்து மனப்பாடம் பண்ணினார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொன்னது. 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முழுக்குக் கொடுத்ததாக அவரே எழுதுகிறார். முரசறைதலின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அதன் வரம்புக்கும் அவருடைய கடிதம் ஒன்றே சான்று தருகிறது. 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டதாம். கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேண்டும் என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை நகைச்சுவையாக எண்ணிக் கடந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்தை நோக்கி உரக்கச் சொல்லப்படும் சொல் பிழையாக இருந்தாலும், திரும்பி வருவது அந்தப் பிழையின் எதிரொலிதான். "இதற்கு என்ன பொருள்?" என்று ஒருவன் குறுக்கே கேட்டால்தான் பிழை வெளிப்படும். அப்படிக் கேட்பதற்கு இடம் விடுவதே போதனை.

சவேரியார் இதை உணராதவர் அல்லர். ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, தாம் போன பிறகும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். போர்ச்சுகல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த 4000 பணத்தைக் கேட்டுப் பெற்று, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். மாபெரும் பிரசங்கியின் பணி நிலைத்ததற்கு இந்தச் சம்பளக்காரர்களும் ஒரு காரணம். அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்கு எட்டவில்லை.

அவருக்குப் பின் அக்கரைக்கு வந்தவர் ஹென்றிக் ஹென்றிகஸ். தமிழ் அச்சு வரலாற்றில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படுபவர். சவேரியார் அக்கரையில் தங்கியது சுமார் இரண்டு ஆண்டுகள். இவரோ 1547 முதல் 1600இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கே பணியாற்றினார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசக் கற்றார். தமிழின் வேற்றுமை உருபுகளையும் வினை வடிவங்களையும் கேட்டுக் கேட்டு ஓர் இலக்கணம் எழுதினார். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார்.

அந்த உழைப்பின் விளைச்சலே நூல்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', இந்திய மொழி எழுத்துகளில் இந்நாட்டில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களுள் மிகப் பழையது. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளியான 'கிரிசித்தியானி வணக்கம்', மார்க்கோசு ஜோர்ஜ் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதிய ஞானோபதேச நூலின் தமிழாக்கம். அது உரையாடல் வடிவில் அமைந்தது; ஆசிரியரும் மாணவரும் வினவி விடையளித்துச் செல்வது. மணியோசைக்குக் கூடிய கூட்டம் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. இந்த நூலிலோ கேள்விக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1586இல் வந்த 'அடியார் வரலாறு' 600 பக்கங்களைத் தாண்டியது. படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இனியும் வருவார்கள் என்று நம்பிய ஒருவரால்தான் அத்தகைய நூலைத் தமிழில் எழுதியிருக்க முடியும்.

பிரசங்கம் தாழ்ந்தது, போதனை உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. மணியோசை கேட்டிராவிட்டால் அந்தச் சிறுவர்கள் கூடியிருக்கவே மாட்டார்கள். ஆனால் கூடியவர்களை யார் கைப்பிடித்து நடத்துவது என்பது வேறு கேள்வி. தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கு இந்த வேறுபாட்டை இன்றும் காத்துவருகிறது. கத்தோலிக்கரிடையே மறையுரை வேறு, மறைக்கல்வி வேறு. சீர்திருத்தச் சபைகளில் பிரசங்கியாருக்கும் கிராமத்து உபதேசியாருக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

சவேரியாருக்கு 1622இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் பெயரில் ஊர்தோறும் கோயில்கள் எழுந்தன. அண்டிரிக் அடிகளாரை நினைப்பவர்கள் பெரும்பாலும் பழைய நூல்களைத் தேடுவோர்தாம். கணக்கப்பிள்ளைகளை நினைக்க அவர்கள்கூட இல்லை. ஆயினும் 'வேணும்' என்று சொல்லப் பழகிய நாவுகளை, ஒவ்வொரு சிறுவனாக, 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லத் திருத்தும் வேலை அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.