பழைய ஆசிலோஸ்கோப்பும் மைனஸ் 150 வோல்ட்டும்

மின்சுற்றில் ஓடும் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி ஆசிலோஸ்கோப். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் 1946ல் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் ஆகியோர் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1950களில் 545 என்ற வால்வு மாடலை வெளியிட்டது. அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. பழுது பார்க்க வசதியாக வடிவமைத்தது அதற்கு ஒரு காரணம்.

545க்கு -150, +100, +225, +350, +500 என ஐந்து சீரான வோல்ட்டேஜ்கள் வேண்டும். இதில் -150 தான் அடிப்படை. ஒரு சிறிய வாயுக்குழல் தரும் மாறாத அளவை வைத்து -150 நிலைபெறும். அந்த -150ஐ வைத்து மற்ற நான்கும் நிலைபெறும். ஆகவே -150 தவறினால் எல்லாமே தவறும். ஐந்து இடத்தில் பழுது போலத் தெரிவது ஒரே பழுதாக இருக்கலாம்! அதனால் முதலில் அளக்க வேண்டியது அதைத்தான்.

பெரும்பாலும் கெட்டுப்போவது எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். ஆண்டுகள் போகப் போக உள்ளே உள்ள திரவம் வறண்டுவிடும். ஏசியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய முடியாமல் திரையில் கோடு நடுங்கும். புதியது போட்டால் சரியாகும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பழைய கெபாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

உள்ளே பாகங்களைப் பற்றவைத்திருப்பது பீங்கான் பட்டைகளில். சாதாரண ஈயத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பட்டையின் வெள்ளிப்பூச்சு கரைந்துவிடும். அதற்காக வெள்ளி கலந்த ஈயத்தில் ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள், பிற்காலத்தில் பழுது பார்க்கப் போகிறவருக்காக.