மசினா பாறையும் மூன்று வகை மனிதர்களும்

கனடாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்களை நயாகராவுக்குத்தான் கூட்டிப் போவார்கள். என் மருமகன் மசினா ஏரிக்குக் கூட்டிப் போனார். டொரன்டோவிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம்.

ஏரியிலிருந்து செங்குத்தாக 100 மீட்டர் எழும் பாறை. நீளம் ஒன்றரை கிலோமீட்டர். அடிவாரம் என்று ஒன்று கிடையாது, நேரே தண்ணீர்தான். அதனால் மலையேறுகிறவர்கள் கனூ துடுப்புப் படகில் வந்து, அது ஆடும்போதே பாறை விளிம்பில் காலை வைத்து ஏற வேண்டும். 1950களில் ஆல்பைன் கிளப்பின் டொரன்டோ கிளைக்காரர்கள் இங்கே ஏறத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு வெகு காலம் முன்பே இதே பாறைக்குப் படகில் வந்தவர்கள் உண்டு. பூர்வகுடி மக்கள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே செங்காவியால் வரைந்த 260க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. ஆமைகள், படகுகள், முயல் காது வைத்த ஒரு மனித உருவம். மசினா என்ற பெயரே ஓவியத்தைக் குறிக்கும் அவர்கள் சொல்லிலிருந்து வந்ததுதான். படகிலிருந்து கை எட்டும் உயரத்தில் பல ஓவியங்கள். ஆடும் படகில் நின்று கோடு இழுப்பது எப்படி என்று, ஒரு கையெழுத்தே நேராகப் போட வராத நான் வியந்துகொண்டிருந்தேன்.

பிறகு வந்தவர் ஃப்ளோரா மெக்டொனால்ட் டெனிசன். தையல் தொழிலில் பிழைத்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். 1910இல் இந்த இடத்தை வாங்கி விடுதி நடத்தினார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் மேல் அவருக்குப் பக்தியே உண்டு. 1919இல், கவிஞரின் நூற்றாண்டில், பாறையில் அவர் பெயரையும் வரிகளையும் பெரிய எழுத்தில் வெட்ட வைத்தார். விழாவுக்கு வந்த விட்மனின் நண்பர் ஹொரேஸ் ட்ராபெல், உடல் நலிந்து, சில நாட்களில் அங்கேயே இறந்துபோனார்.

ஜனநாயகத்தைப் பாடிய கவிஞருக்கு மரியாதை, சரி. ஆனால் ஏற்கெனவே ஒரு சமூகம் எழுதி வைத்திருந்த பாறையில் உளி வைப்பதற்கு அவர்களை யாராவது கேட்டிருப்பார்களா? எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. மருமகன், "அந்தக் காலத்து மனுஷி, மாமா" என்றார்.

ஃப்ளோராவின் மகன் மெரில் 1959இல் நிலத்தை அரசுக்குக் கொடுத்தார். 1965இல் அது போன் எக்கோ மாகாணப் பூங்கா ஆயிற்று. ஓவியங்கள் 1982இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயின.

நாங்கள் போன அன்று இரண்டு இளைஞர்கள் கயிற்றோடு மேலே இருந்தார்கள். காலிப் படகு கீழே, ஓவியங்களைவிட்டுத் தள்ளி, ஒரு செடி வேரில் கட்டியிருந்தது.