சிரட்டைக்கரி போன வழி

மட்டக்களப்பில் வயல் என்றால் படுவான்கரை, தென்னை என்றால் எழுவான்கரை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று நீளும் அந்த மணல் நிலத்தில் சிரட்டை ஒருநாளும் வீணாய்ப் போனதில்லை. அகப்பையாகும், அடுப்பெரிக்கும். கரியாகச் சுட்டால் இஸ்திரிப் பெட்டிக்கும் தட்டாரின் உலைக்கும் போகும். சாம்பல் குறைவு, சூடு நின்று கொடுக்கும் என்பதால் நகைவேலைக்கு அதுதான் வேண்டும்.

கரி சுடுவது கண் அசராத வேலை. குழியின் அடியில் கொஞ்சம் சிரட்டையைப் பற்றவைத்து, தீ ஏற ஏற மேலே கொட்டிக்கொண்டே போவார்கள். முதலில் வெள்ளைப் புகை கட்டியாக எழும். ஈரமும் தாரும் வெளியேறும் நேரம் அது. புகை மெலிந்து நீலம் தட்டியதும் ஓலையும் மண்ணும் போட்டுக் காற்றை அடைத்துவிட வேண்டும். பிந்தினால் குழி நிறையச் சாம்பல்தான். நன்றாகச் சுட்டாலும் மிஞ்சுவது சிரட்டையின் எடையில் கால்வாசிக்குச் சற்றுக் கூட.

இந்தக் கரியை உலகம் தேடத் தொடங்கியது முதலாம் உலகப் போரினால். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதன்பின் வந்த முகமூடிகளில் நச்சு வாயுவைப் பிடித்துவைக்கக் கரி தேவைப்பட்டது. சோதித்தவற்றில் சிரட்டைக்கரியே முதல் தரமாக நின்றது. போதிய சிரட்டை கிடைக்காத அமெரிக்கா, 1918இல் பீச் பழக்கொட்டைகளைச் சேர்த்துத் தரும்படி தன் மக்களைக் கேட்டது.

சிரட்டைக்கரி முதல் தரமாக நின்றதற்குக் காரணம் சிரட்டையின் இறுக்கம். அந்தக் கரியை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் நீராவியால் பதப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரிக்குள் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு உண்டாகும். வாயு ஒட்டும் அதே பரப்பில் மின்னேற்றமும் ஒட்டும். நுண்துளைக் கரியால் மின்னைச் சேமிக்கும் கருவிக்கு 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் காப்புரிமை பெற்றது. 1978இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் அதைச் சூப்பர்கபாசிட்டர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதே 1978இல், நவம்பர் 23ஆம் திகதி, மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. மாவட்டத்தின் தென்னையில் சுமார் 90 சதவீதம் அழிந்தது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். புதுக் கன்றுகள் பாளை தள்ளுமுன் யுத்தம் வந்துவிட்டது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இதே கரையில் ஏறியது.

இலங்கையின் கரித்தொழில் வளர்ந்தது மேற்கே, குருநாகல், புத்தளம், கம்பஹா அடங்கிய தென்னை முக்கோணத்தில். 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் இன்று சூப்பர்கபாசிட்டருக்கான கரியையும் செய்கிறது. கம்பஹா மாவட்டத்தின் பதல்கமவில் மூடிய உலையில் கரி சுட்டு, வெளிவரும் வாயுவின் வெப்பத்தில் மின்சாரமும் எடுக்கிறார்கள். ஊருக்குள் புகை பரவாத இந்த முறை, வீடுகள் நெருங்கி நிற்கும் எழுவான்கரைக்கு மிகவும் பொருந்தும். கரைத் தென்னைகள் மறுபடி காய்க்கின்றன. ஆய்வுக்குத் துணைநிற்க வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பதல்கமவில் உள்ளதுபோல் ஓர் உலை களுவாஞ்சிக்குடிப் பக்கம் எழவேண்டும்.